நாற்பது கோடி பதிவுகளில் ஒரு பெயர்

அத்தியாயம் 9

தசரதனின் பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறி ஆறு நாள் ஆகியிருந்தது.

ஐம்பத்திரண்டு காண்ட்ராக்ட் ஆட்களில் பெர்மனென்ட் ஆகப்போவது நாலே பேர். அதில் ‘எம். தசரதன், அசெம்பிளி’ என்று இருப்பதை மஞ்சுளாதான் முதலில் பார்த்து, மண்ணூரில் இருந்த மாமியாருக்குப் போன் போட்டாள். கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் ஒரே கம்பெனி. கார் கம்பெனிக்கு அனுப்புகிற பிரேக் காலிப்பர்களைப் பூட்டுகிற லைனில் அவன். அதே கட்டடத்தின் மாடியில் ஐ.டி. செக்‌ஷனில் இவள். ஆறு வருஷம் காண்ட்ராக்டில் கிடந்தவனுக்கு வெள்ளிக்கிழமை ஆர்டர் கைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

இன்று புதன்.

காலை எட்டே முக்காலுக்கு மஞ்சுளா மாடிப்படி ஏறும்போதே சங்கரநாராயணன் எதிரே இறங்கி வந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன், சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன்.

“அக்கா, சீக்கிரம் வாங்க. கோமதிநாயகம் சார் உங்க சீட்ல வந்து உக்காந்திருக்காவ. ஆறு மணிக்கே வந்துட்டாவளாம்.”

குவாலிட்டி ஹெட் கோமதிநாயகம் ஒருநாளும் மாடிக்கு வந்து மஞ்சுளா பார்த்ததில்லை. வேண்டியதைப் போனில் கேட்பார். இன்று சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, அவளுடைய மானிட்டரையே வெறித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“உக்காரும்மா. நேத்து சாயங்காலம் கார் கம்பெனியில கடைசி செக்கிங்ல ரெண்டு வண்டி மாட்டியிருக்கு. நம்ம காலிப்பர். போல்ட் கையாலயே திரும்புதாம்.”

“கையாலயா சார்?”

“ஸ்பானரே வேணாம்கிறான். ரெண்டும் ஸ்டேஷன் ஏழுல டைட் பண்ணது. செப்டம்பர் பத்துல இருந்து பன்னெண்டுக்குள்ள. அந்த மூணு நாள்ல லூஸா போன பீஸ் எத்தனை, எது எது, எல்லா சீரியல் நம்பரும் ஒரு மணிக்குள்ள வேணும். அதுவரைக்கும் யார்டுல வண்டி ஏத்தாம வெச்சிருக்காங்க.”

“ஏற்கெனவே ஷோரூமுக்குப் போனது?”

“போயிருக்கும். வீட்டுக்கே போயிருக்கும். அதான் அவசரம்.”

ஒரு போல்ட்டை முறுக்கினால், அதை முறுக்குகிற டார்க் கன் எவ்வளவு இறுக்கியது, எந்த நேரம், யார் பேட்ஜ் என்பதெல்லாம் டேட்டாபேஸில் ஒரு பதிவாக விழும். எட்டு வருஷத்துப் பதிவுகள் ஒரே டேபிளில். நாற்பது கோடி. தேதியும் ஸ்டேஷனும் போட்டுத் தேடு என்று அமுக்கினால் லிஸ்ட் வர வேண்டும். காலையிலிருந்து வட்டம்தான் சுற்றுகிறது. பத்து நிமிஷம் கழித்து ‘டைம் அவுட்’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

மஞ்சுளா முதலில் பார்த்தது, வேறு யாராவது அந்த டேபிளைப் பிடித்துப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதை. பூட்டு இல்லை. ஆனால் தேடு பட்டன் அனுப்புகிற ஒரே க்வெரி ஏழு முறை ஓடிக்கொண்டிருந்தது.

“சார், தேடு பட்டனை எத்தனை தடவை அமுக்குனீங்க?”

“வரல வரலன்னு அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன்.”

“டைம் அவுட்னு ஸ்கிரீன்தான் சொல்லுது சார். உள்ள அது நிக்கல. ஏழும் ஒரே டிஸ்க்கைப் போட்டுப் பிடுங்குது.”

ஏழையும் நிறுத்தினாள். ஒன்றை மட்டும் ஓடவிட்டாள். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். மணி பத்தாகிவிட்டது.

“மெமரி பத்தலக்கா” என்றான் சங்கரநாராயணன். “நான் அப்பமே சொன்னேன். ஒரு ரீஸ்டார்ட் குடுத்துப் பாப்பமா?”

“கீழ லைன் ஓடுது. ரீஸ்டார்ட் குடுத்தா ஒரு கன்னும் ரெக்கார்டு பண்ணாது. லைன் நின்னுடும். எதனால மெதுவா இருக்குன்னு தெரியாம கை வைக்காத.”

க்வெரியை ஓட்டாமல், அதை எந்த வழியாகத் தேடப் போகிறாய் என்று மட்டும் டேட்டாபேஸைக் கேட்டாள். எக்ஸிகியூஷன் பிளான் திரையில் விரிந்தது. அடிவரியைப் பார்த்ததும் அவள் விரல் நின்றது.

“மூணு நாள் ரெக்கார்டு கேட்டா இது நாப்பது கோடியையும் படிக்குது.”

“இண்டெக்ஸ் இருக்கே அக்கா. ஸ்டேஷன், டைம், ரெண்டுலயும் போட்டிருக்கு.”

“இருக்கு. இது தொடல.”

ஏன் தொடவில்லை? என்றோ யாரோ எழுதிவிட்டுப் போன க்வெரியை வரிவரியாகப் படித்தாள். பதினேழாவது வரியில் பிடிபட்டது. இரவு ஷிஃப்ட் காலை ஆறு வரை போகும். விடியற்காலைப் பதிவையும் முந்தின நாள் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்காக, ஒவ்வொரு பதிவின் நேரத்திலிருந்தும் ஆறு மணி நேரத்தைக் கழித்து, வருகிற தேதியை ஒப்பிட்டுப் பார் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

“புரியிற மாதிரி சொல்லும்மா” என்றார் கோமதிநாயகம்.

“ஓட்டர் லிஸ்ட் தெரு வாரியா இருக்கு சார். தெருப் பேரு சொன்னா நேரா அந்தப் பக்கத்துக்குப் போயிடலாம். ‘தெருப் பேருல முதல் மூணு எழுத்தை அடிச்சா மிச்சம் இது வரணும்’னு கேட்டா? முதல் பக்கத்துல இருந்து ஒவ்வொரு வரியா அடிச்சு அடிச்சுப் பாக்கணும். இது அதைத்தான் பண்ணுது.”

“போன வருஷம் இதே ஸ்கிரீன்ல உடனே வந்துச்சே?”

“அப்ப டேபிள் சின்னது. முழுசும் மெமரிக்குள்ள அடங்குச்சு, படிச்சாலும் வெளிய தெரியல. ஜூலையில ரெண்டு லைன் புதுசா சேர்ந்துச்சில்ல?”

கழித்தலை எடுத்துவிட்டாள். பத்தாம் தேதி காலை ஆறிலிருந்து பதின்மூன்றாம் தேதி காலை ஆறு வரை என்று நேராக எழுதினாள். பதிவின் நேரத்தில் கை வைக்கவே இல்லை. ஓடவிட்டாள்.

நாலு நொடி. இருபதாயிரத்துச் சொச்சம் பதிவுகள்.

சங்கரநாராயணன் கையைத் தட்டினான். கோமதிநாயகம் எழுந்தேவிட்டார். “அவ்ளோதானா?”

“இருங்க சார். இது வெறும் போல்ட்டுதான். எந்தக் காலிப்பர், எந்த வண்டிக்குப் போச்சு, அதோட சேர்த்தாத்தான் லிஸ்ட்டு.”

சேர்த்தாள். வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பதினொன்று இருபது. பதினொன்றரை.

அறையில் ஏசி ஓடியும் அவளுக்குக் கழுத்தோரம் வியர்த்தது. கோமதிநாயகத்தின் போன் மூன்று தடவை அடித்தது. “டென் மினிட்ஸ் சார், டென் மினிட்ஸ்” என்று ஒரே பதிலை மூன்று தடவையும் சொன்னார். நாலாவது தடவை அவர் எடுக்கவில்லை.

மஞ்சுளா பிளானை மீண்டும் திறந்தாள். இந்த முறை, டேட்டாபேஸ் எத்தனை பதிவு வரும் என்று எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று வரும் என்று நினைத்திருக்கிறது. வந்ததோ இருபதாயிரம். ஒன்றுதானே என்று வண்டி விவரம் இருக்கிற பெரிய லாக் டேபிளை ஒரு தடவை முழுக்கத் தேடத் துணிந்துவிட்டது. இப்போது அதையே இருபதாயிரம் தடவை தேடிக்கொண்டிருக்கிறது.

“சங்கர், ஜூலையில சர்வர் மாத்துனோமே. அதுக்கப்புறம் இந்த டேபிளுக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்தியா?”

அவன் முகம் சுண்டிப்போனது. “அந்த ஜாப் புது சர்வர்ல ஆன் பண்ணலக்கா. மறந்துட்டேன்.”

“அதான், டேபிள்ல எவ்ளோ இருக்குன்னே அதுக்குத் தெரியல. பழைய கணக்கை வெச்சுக்கிட்டு வழி போடுது.”

“இப்ப எடுத்துரட்டா?”

“நாப்பது கோடிக்கு எடுத்தா இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலம் எடு. இப்ப வேற வழி.”

அந்த இருபதாயிரத்தை முதலில் தனியாக ஒரு தற்காலிக டேபிளில் கொட்டினாள். அதிலிருந்து இறுக்கம் குறைந்தவற்றை மட்டும் பிரித்தாள். அந்தச் சின்னக் கும்பலோடு போய் வண்டி விவரத்தைச் சேர்த்தாள். பதினோரு நொடியில் லிஸ்ட் வந்து நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு பீஸ். ஒரே நாள், பதினொன்றாம் தேதி பி ஷிஃப்ட். சாயங்காலம் நாலு பத்திலிருந்து ஐந்து முப்பத்தைந்து வரை, ஒன்று விடாமல் அத்தனையும். இருபத்தெட்டுக்கு இறுக வேண்டிய போல்ட்டுகள் பதினேழிலும் பதினெட்டிலும் நின்றிருந்தன.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குச் சீரியல் நம்பர்கள் கார் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. அரை மணியில் பதில் வந்தது. கோமதிநாயகம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்: “நூத்தம்பது யார்டுலயே இருக்கு. நாப்பத்தொண்ணு டீலர்கிட்ட. மிச்சம் இருபத்தொண்ணு டெலிவரி ஆயிடுச்சு. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு வண்டியை எடுக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க.”

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“நல்ல வேலை பண்ண மஞ்சுளா. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இறுக்கம் குறைஞ்சா கன்னே லைனை நிறுத்தணும். நிக்கலன்னா எவனோ பைபாஸ் போட்டிருக்கான். யாருன்னு எடு. மூணு மணிக்கு, மேல இருக்கறவங்ககூட மீட்டிங். பேர் இல்லாம நான் அங்க போக முடியாது.”

அவர் கீழே இறங்கியதும் அவள் பைபாஸ் பதிவை அந்த லிஸ்ட்டோடு சேர்த்தாள். இப்போதெல்லாம் உடனே வந்துவிடுகிறது. முதலில் பேட்ஜ் நம்பர் வந்தது. எல்லா வரியிலும் ஒரே நம்பர். அனுமதி கொடுத்தவர் என்ற கட்டம் முழுக்கக் காலி. பேட்ஜுக்கு எதிரே பெயரைக் கொண்டுவந்தாள்.

எம். தசரதன். எம். தசரதன். எம். தசரதன். கீழே கீழே இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.

பின்னால் நின்ற சங்கரநாராயணன் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

“அக்கா, இது...”

“ஆமா. என் கொழுந்தன்தான்.”

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. பேரு மட்டும் இன்னும் வரல, மெதுவா ஓடுதுன்னு சொல்லிருவோம். காலைல இருந்து எல்லாமே மெதுவாத்தான இருந்துச்சு? ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாவ. வெள்ளிக்கிழம தாண்டட்டும்.”

மஞ்சுளா திரும்பி அவனைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அவன் சொல்வதற்கு முன்பே அதே எண்ணம் தன் மனசுக்குள் வந்து போனது அவளுக்குத் தெரியும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினாள்.

இரண்டு மணிக்கு ஏ ஷிஃப்ட் விட்டது. பஸ் நிற்கிற இடத்தில் தசரதன் டிபன் பையோடு வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“இன்னா அண்ணி, இந்த வெய்யில்ல இங்க வந்து நின்னுகினு கீறீங்க?”

“பதினொண்ணாம் தேதி பி ஷிஃப்ட். ஸ்டேஷன் ஏழு. நாலு பத்துல இருந்து அஞ்சரை.”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

“கன்னு மக்கர் பண்ணிச்சி அண்ணி. டைட் ஆவறதுக்குள்ள கட் ஆவுது. மெயின்டெனன்ஸ்க்கு போன் அடிச்சா ஆள் வரல. மாசானம் சார்தான் வந்து நின்னுகினு, லைன் நிக்கக் கூடாது, பைபாஸ் போட்டு ஓட்டு, கடைசில மொத்தமா எட்த்து ரீ-டைட் பண்ணிக்கலாம்னாரு. பண்ணிடலாம்னுதான் நானும் நெனச்சேன். புது கன்னு வந்து திரும்பிப் பாக்கறேன், ட்ராலி போயிக்கீது.”

மாசானம் லைன் சூப்பர்வைசர்.

“அப்ப யார்கிட்டயாவது சொன்னியா?”

“மறுநாள் பெர்மனென்ட்டுக்குப் பேரு எழுதினு இருந்தாங்க.” அவன் தரையைப் பார்த்தான். “வாய தொறக்கல.”

பஸ் ஹார்ன் அடித்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“காலைல சிஸ்டம் வேல செய்யலன்னு லைன்ல பேசிகினாங்க. அப்படியே போவட்டும்னு வேண்டிகினே இருந்தேன்.” திடீரென்று நிமிர்ந்தான். “அத ஓட வெச்சது நீதானா?”

ஒருநாளும் அவளை அவன் நீ என்று சொன்னதில்லை.

“நான்தான்.”

“கொஞ்சம் வுட்டிருந்தா இன்னா? ரெண்டு நாளு! ஆறு வருசமா நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?”

“இருபத்தொண்ணு பீஸு ரோட்டுல கீது தசரதா. யாரோ புள்ள குட்டியோட அந்த பிரேக்க நம்பி ஓட்டிகினு போறாங்க. அத நெனச்சா ரெண்டு நாள் உன்னால தூங்க முடியுமா?”

அவன் பஸ் பக்கம் திரும்பினான்.

“மூணு மணிக்குப் பேரோட லிஸ்ட் போவணும். அதுக்கு முன்னாடி நீயே போய் கோமதிநாயகம் சார்கிட்ட சொன்னா, நீ சொன்னதா இருக்கும். இல்லன்னா கம்ப்யூட்டர் சொன்னதா இருக்கும்.”

தசரதன் அவளைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறினான். பஸ் கேட்டைக் கடந்து, ஒரகடம் ரோட்டில் திரும்பி மறைந்தது.

இரண்டரை. இரண்டே முக்கால். குவாலிட்டி அறைக் கதவைக் கண்ணாடி வழியாக மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு லிஸ்ட்டை இணைத்தாள். கீழே ஒரு வரி தட்டினாள்: பைபாஸ் போட சூப்பர்வைசர் அனுமதி கட்டாயம், இங்கே அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, ஏன் என்று பார்க்கவும். அனுப்பிவிட்டாள். தண்ணீர் குடித்தாள்.

மூன்று எட்டுக்கு சங்கரநாராயணன் ஓடிவந்தான். “அக்கா, உங்க கொழுந்தன் குவாலிட்டி ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான். சட்டையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி வெயில்ல நடந்தே வந்திருக்கான் போல.”

பத்து நிமிஷம். அவன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பேர் போய்விட்டது.

சாயங்காலம் மண்ணூரில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. கம்பெனி வேன் ஓட்டுகிற அவள் கணவன் வெங்கடேசனுக்கு டிரைவர்கள் வழியாகவே எல்லாம் தெரிந்துவிடும்.

“கூடப் பொறந்தவன் இல்லன்னா இன்னா, உனுக்கும் அவன் தம்பிதானே?” என்றான் மனைவியிடம். “ஒரு பேர மறைக்க முடியல உன்னால?”

“முடியும்ங்க. மறைக்கல.”

“அத வேற பெருமையா சொல்றியா?”

“பெருமை இல்லங்க. பயமா இருக்கு. நான் மறைச்சு, அந்த இருபத்தொண்ணுல ஒண்ணு எங்கயாவது போய் முட்டியிருந்தா, அப்ப அவனை ஜெயில்லதான் போய்ப் பாத்திருக்கணும்.”

வெங்கடேசன் வெளியே போய் நின்றான். மாமியார் சின்னப்பொண்ணு அடுப்படியை விட்டு வரவே இல்லை. அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள், களைந்ததையே மறுபடி மறுபடி.

ஏழு மணிக்குத் தசரதன் வந்தான். கழுத்தில் பேட்ஜ் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். மஞ்சுளா தட்டு வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

“சஸ்பெண்டு. நாளைக்குப் பத்து மணிக்கு என்கொயரி. நடந்தத எழுதிக் குட்த்துட்டேன்” என்றான். “மாசானம் சாரு, நான் அந்தப் பக்கமே வரல, அவனா போட்டான்னு எழுதிட்டாரு. சாட்சி இருந்தா கூட்டினு வான்றாங்க.”

“அந்த நேரத்துல பக்கத்துல யாருமே இல்லயா?” என்றாள் மஞ்சுளா.

சோற்றைப் பிசைந்த கை நின்றது. “பக்கத்து ஸ்டேஷன்ல ஒருத்தங்க இருந்தாங்க. அவரு சொன்ன அத்தினியும் கேட்டாங்க.”

வெங்கடேசன் வாசலிலிருந்து உள்ளே வந்தான். “அப்புறம் இன்னாடா? பேர எழுத வேண்டியதுதானே?”

“எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“மாசானம் சாரோட அக்கா பொண்ணு அது. தெக்கேர்ந்து இட்டாந்து, அவுரு வூட்லயே வெச்சிகினு கீறாரு. அது வாயத் தொறந்தா அன்னிக்கே வெளிய தள்ளிடுவாரு. இந்த ஊர்ல அதுக்கு வேற யாரு கீறாங்க?”

சின்னப்பொண்ணு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அன்று முழுக்க அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“யார்ரா அந்தப் பொண்ணு?”

தசரதன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மஞ்சுளாவுக்கு அவன் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பதினொன்றாம் தேதி, பி ஷிஃப்ட், பக்கத்து ஸ்டேஷன். நாலே நொடி. அவளுக்கு மட்டுமா? போகும்போது கோமதிநாயகம் கேட்டார் என்று, திருத்திய க்வெரியை அந்த ஸ்கிரீனிலேயே போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவள் கிளம்பியிருந்தாள். காலையில் அவரே தேதியைப் போட்டு ஒரே ஒரு தடவை அமுக்கினால் போதும்.

“தசரதா, நீ எழுதலன்னாலும் நாளைக்கு அவங்க எடுத்துடுவாங்க. இப்ப எல்லாம் உடனே வந்துடுது.”

அவன் தலையைத் தூக்கினான். மத்தியானம் இருந்த கோபம் அந்தக் கண்ணில் இல்லை. மறுபடியும் மரியாதையாகத்தான் பேசினான்.

“அண்ணி, எனக்காக நான் கேக்கல. நாளைக்கு ஒரு நாளு மட்டும் அத மெதுவா ஓட வெக்க முடியுமா உங்களால?”

வெங்கடேசனும் சின்னப்பொண்ணுவும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முடியும் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் எடுத்த அந்தக் கழித்தல் வரியை மறுபடி அதே இடத்தில் வைத்தால் போதும்.

மஞ்சுளா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.